தறிக்குழியில் கிடைத்த ஒன்பது ரூபாய்



சென்ற இதழில் நம் வளாகத்துத் தண்ணீர்க் கணக்கை எழுதியிருந்தேன். இந்த முறை மண் கணக்கு. காரணம் இருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பி பிளாக் பின்புறம் உள்ள காலி மனையில் நம் பிள்ளைகள் நால்வர் கூடி நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருவன் கையில் நீளமான கம்பு, அதன் நுனியில் வட்டத் தட்டு. ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டர். பிறந்தநாள் பரிசாம். அரை மணி நேரத்தில் அவர்கள் எடுத்தவை: சோடா மூடி ஏழு, துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி, சென்ட்ரிங் கம்பித் துண்டுகள், பழைய பத்துப் பைசா ஒன்று, பிறகு கோலிக்குண்டைவிடச் சற்றுச் சிறிதாகக் கனமான ஓர் உருண்டை.

அந்த உருண்டையைக் குழாயில் நன்றாகக் கழுவித் துடைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். "தாத்தா, இது வெள்ளியா? வித்தா எவ்வளவு தேறும்?"

வெள்ளி இல்லை, ஈயம். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டாக இருக்கலாம். மீன் வலையில் கட்டும் ஈயக்குண்டாகவும் இருக்கலாம். எங்கே, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்று கேட்டேன். நால்வரும் நான்கு இடத்தைக் காட்டினார்கள். அதோடு அந்த உருண்டையின் கதை முடிந்துவிட்டது. இனி யார் வந்தாலும் அதைப் பேசவைக்க முடியாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வரும் பொங்கல் விழாவில் 'புதையல் வேட்டை' வைக்கலாம், அதற்குக் கோட்டை மைதானத்துக்கும் அகழிக் கரைக்கும் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. பதினெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அடுத்த செயற்குழுவில் அது பேசப்பட இருக்கிறது. அதற்கு முன் நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முடிவு உங்களுடையது.

முதலில் அந்தக் கருவி. வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் திசை மாறி மாறி மின்சாரம் ஓடும்போது தரைக்குள் ஒரு காந்தப்புலம் பரவுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. நாம் வாங்கும் விலையில் உள்ள கருவிகள் ஒரு காசை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான் கேட்கும். வெள்ளிக் காசுக்கும் சிகரெட் அட்டையின் ஈயத்தாளுக்கும் பல நேரம் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். உலோகம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அதனால் சொல்ல முடியும்.

அது சரி, ஆரணி மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

நம் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச் சேலை, பொன்னி அரிசி. ஆனால் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரின் பெயர் போர் வரலாற்றில் இரண்டு முறை வருகிறது.

முதலாவது, 1751 டிசம்பர். ஆற்காட்டுக் கோட்டையை 50 நாள் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய ராசா சாகிப், பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து ஆரணிப் பக்கம் வந்தார். இவர் சந்தா சாகிபின் மகன். அவரைத் துரத்தி வந்தவர் ராபர்ட் கிளைவ். அப்போது அவருக்கு வயது 26. கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், அந்த வகையில் எங்கள் இனம்! கிளைவிடம் 200 ஐரோப்பியச் சிப்பாய்கள், 700 இந்தியச் சிப்பாய்கள், துணைக்கு 600 மராட்டியக் குதிரை வீரர்கள். எதிரில் 300 பிரெஞ்சுக்காரர்கள், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரை வீரர்கள். நம்மூர் நெல்வயலிலும், வயல் நடுவே கோட்டையை நோக்கிப் போன மேட்டுப் பாதையிலும், பக்கத்துத் தோப்பிலும் சண்டை நடந்தது. டிசம்பர் மாத வயல் எப்படி இருக்கும் என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேற்றில் குதிரையும் பீரங்கியும் சிக்கின. இருட்டும் நேரத்தில் பிரெஞ்சுத் தரப்பு பின்வாங்கியது. துரத்திப் போன மராட்டியர்கள் 400 குதிரைகளையும் ராசா சாகிபின் படைக் கஜானாவையும் கைப்பற்றினார்கள். அதில் ஒரு லட்சம் ரூபாய் இருந்ததாக அக்காலத்தில் சென்னையில் பணியாற்றிய ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

ஒரு லட்சம் என்றதும் உங்கள் காது நிமிர்வது தெரிகிறது. பொறுங்கள். அந்தப் பணம் குதிரை ஏறிப் போய்விட்டது.

இரண்டாவது, 1782 ஜூன் 2. ஹைதர் அலி ஆரணிக் கோட்டையைத் தம் படைக்கலக் கிடங்காக வைத்திருந்தார். அதைப் பிடிக்க வந்த சர் அயர் கூட்டின் படையோடு ஆரணி அருகே மோதல் நடந்தது. கோட்டை கூட்டின் கைக்குப் போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹைதரும் காலமானார்.

ஆக, 31 ஆண்டு இடைவெளியில் இரண்டு போர்கள். இரண்டிலும் சுட்டது ஈயக் குண்டுதான். ஒரு குண்டைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு இது கிளைவ் காலமா, ஹைதர் காலமா, முயல் வேட்டைக்காரர் சுட்டதா என்று சொல்ல முடியாது. ஆனால் குண்டுகள் கிடக்கும் இடங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தால் சொல்ல வாய்ப்பு உண்டு. எந்தப் பக்கம் நின்று சுட்டார்கள், எங்கே நெருங்கினார்கள், எந்த வழியாக ஓடினார்கள் என்பதெல்லாம் குண்டுகள் கிடக்கும் வரிசையில்தான் எழுதியிருக்கிறது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக் ஹார்ன் என்று ஓர் இடம். 1876-இல் அங்கே பூர்வகுடிகள் கஸ்டர் என்ற தளபதியின் படையை முறியடித்தார்கள். 1983-இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை தெரிந்தது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு, நம் பையன் வைத்திருந்ததைப் போன்ற டிடெக்டர்களோடுதான் இறங்கினார்கள். ஒரே ஒரு வித்தியாசம். கருவி ஒலித்த இடத்தில் ஒரு சிறு கொடி நட்டார்கள். ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து குறித்த பிறகுதான் எடுத்தார்கள். தோட்டா உறைகளில் துப்பாக்கி ஊசி பதித்த தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். நூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த போர்க்கதை பல இடங்களில் திருத்தப்பட்டது.

அங்கேயும் இங்கேயும் கருவி ஒன்றுதான். அவர்கள் கணக்கு எழுதினார்கள், நாம் எழுதவில்லை.

வங்கியில் 34 ஆண்டு இருந்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் சொல்ல வரும். வவுச்சர் இல்லாமல் மேசைமேல் ஒரு கட்டுப் பணம் இருந்தால் அது யாருடையது, எதற்கு வந்தது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒன்றும் தெரியாது. பழம்பொருளுக்கு அது கிடந்த மண்தான் வவுச்சர். நாம் செய்ததெல்லாம் வவுச்சரைக் கழுவிச் சாக்கடையில் விட்டதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கருவிக்குக் கேட்காதவை ஏராளம். சென்னையில் பல்லாவரத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். வீட்டுக்கு வீடு ஒட்டிய புறநகர். அங்கே 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ராணுவ அணிவகுப்பு மைதானத்தருகே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகம் அறிந்தது அந்தக் கல்லால்தான். மெட்டல் டிடெக்டரை அதன்மேல் நாள் முழுக்க ஆட்டினாலும் 'கிக்' என்றுகூடச் சொல்லாது. கீழடியில் கிடைத்த பெயர் பொறித்த பானை ஓடுகளுக்கும் அது வாய் திறக்காது. ஆனால் ஓர் ஆணிக்காக நாம் தோண்டும் குழியில் அந்த ஓடுகள் உடையும்.

கருவிக்குக் கேட்டாலும் நம் காதில் ஏறாதவையும் உண்டு. நம் மாவட்டத்திலேயே செங்கம் வட்டம் ஆண்டிப்பட்டியில் ஒரு பானையில் பழைய காசுகள் கிடைத்தன. பொன் இல்லை, வெள்ளி இல்லை, ஈயம். எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. அவற்றின் மேல் தமிழ் பிராமி எழுத்தில் 'அதினன் எதிரான் சேந்தன்' என்று ஒரு பெயர் இருந்தது. சங்க காலத்தில் நம் பக்கத்தை ஆண்ட ஒருவரின் பெயர் ஈயக் காசு வழியாக நமக்கு வந்திருக்கிறது. "வித்தா எவ்வளவு தேறும்" என்று மட்டும் கேட்கிறவர் கையில் அது கிடைத்திருந்தால் உருக்கி வலையில் கட்டியிருப்பார்.

'வெளிநாட்டில் எல்லாரும் தேடுகிறார்களே' என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். உண்மை. இங்கிலாந்தில் இது பெரிய பொழுதுபோக்கு. அங்கே நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், புதையல் கிடைத்தால் சொல்ல வேண்டும், அதை அருங்காட்சியகம் வாங்கினால் கண்டவருக்குப் பரிசுத்தொகையில் பங்கு உண்டு. அங்கே 2015-இல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். இரண்டும் டிடெக்டரால் கிடைத்தவை. இரண்டும் ஏறத்தாழ 1,100 ஆண்டுக்கு முன், வைக்கிங் படையெடுப்புக் காலத்தில் புதைத்தவை. இரண்டிலும் ஆல்ஃபிரட், கியோல்வுல்ஃப் என்ற இரண்டு அரசர்களின் காசுகள்.

ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் வாட்லிங்டன் அருகே கண்டவர், உடனே தகவல் சொன்னார். அறிஞர்கள் வந்து மண்ணோடு கட்டியாகவே பெயர்த்து எடுத்துப் போனார்கள். சுமார் 200 காசுகள். 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இரண்டு அரசர்களும் ஒருவரோடொருவர் உடன்பட்டு ஒரே மாதிரிக் காசு அடித்தார்கள் என்பது அதனால் உறுதிப்பட்டது. தோற்றவர் என்று வரலாறு ஒதுக்கி வைத்த கியோல்வுல்ஃபுக்குப் பாதி மரியாதை திரும்பக் கிடைத்தது.

ஹெரிஃபர்டுஷையரில் லெமின்ஸ்டர் அருகே கண்ட இருவர், யாருக்கும் சொல்லாமல் சில்லறையாக விற்றார்கள். மொத்தம் 300 காசு இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதில் சிறு பகுதிதான் மீட்கப்பட்டது. 2019-இல் இருவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை. அந்த மீதிக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1878-இல் போட்ட இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் அதன் கண்ணில் புதையல்தான். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால், கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்று அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் கட்ட வேண்டும் அல்லது ஜாமீன் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒழுங்காகச் சொன்னால், உரிமை கோர யாரும் இல்லையென்று முடிவான பின், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டவருக்கு நாலில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் உண்டு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்கிறது சட்டம்.

இதோடு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடம் என்றால், சுற்றிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அறிவிக்கப்படாத இடமானாலும் பொது நிலம் பொது நிலம்தான். நம் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது.

முறைப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் நம் பக்கமே உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் பள்ளம் எடுத்தபோது ஒரு பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை 1,716 கிராம். அதிகாரிகள் வந்து எண்ணி, எடை போட்டு, ஒப்படைத்தார்கள். அதனால்தான் இன்று எனக்கு இந்த எண்கள் தெரிகின்றன. 2025 நவம்பரில் போளூர் பக்கம் ஜவ்வாது மலை கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியில் 103 பொற்காசுகள் கிடைத்ததும் அப்படித்தான் வெளியே வந்தது. அங்கே கருவி ஏதும் இல்லை. மண்வெட்டி பிடித்தவர்களின் நேர்மைதான்.

இவ்வளவும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், தலைப்புக்கு வர வேண்டியதுதான்.

என் அப்பா நெசவாளி. எங்கள் வீட்டில் குழித்தறி. கால்மிதியும் நெய்பவர் காலும் இறங்க, தரையில் இடுப்பளவு குழி வெட்டித்தான் தறி போடுவார்கள். 1956-இல், நான் பிறப்பதற்கு முன், அப்பா இரண்டாவது தறி போட்டார். அப்பா காலமான பின் அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டியபோது இரண்டு வரிகள் கண்ணில் பட்டன.

"தறிக்குழியில் கிடைத்த செம்புக் காசு 2 வீசை 5 பலம், பாத்திரக் கடைக்குப் போட்ட வகையில் வரவு ரூ. 9."

அடுத்த வரி, "அச்சு வாங்கிய வகையில் பற்று ரூ. 7-8-0."

இரண்டு வீசை ஐந்து பலம் ஏறக்குறைய மூன்று கிலோ. ஒரு காசு மூன்று கிராம் என்று வைத்தாலும் ஆயிரம் காசு. யார் முகம், யார் பெயர், என்ன எழுத்து, எந்தப் பானையில் இருந்தது, எதற்குப் பயந்து யார் புதைத்தார்கள்? 1751 டிசம்பரில் ஊரை விட்டு ஓடிய ஒரு குடும்பமா? 1782-இல் ஓடியதா? அல்லது அதற்கெல்லாம் வெகு முன்னாலா? எல்லாம் ஒரே நாளில் பாத்திரக் கடையின் உலைக்குப் போய்விட்டது. ஆரணியில் யார் வீட்டிலாவது அந்தச் செம்பு இன்னும் அண்டாவாக இருக்கலாம்.

அப்பாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒன்பது ரூபாய், பத்துக்குக் குறைவுதான். சட்டம்கூட அவரைக் கேட்டிருக்காது! அந்த அச்சில் நெய்த சேலைகளில்தான் நான் பி.காம். படித்தேன். ஆனால் அவருக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லை. நமக்கு இருக்கிறார்கள். நாமும் எடைக்குப் போட்டால் அதற்குச் சாக்கு இல்லை.

நம் வளாகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அஸ்திவாரம் எடுத்தபோது எட்டடி மண் லாரி லாரியாய்ப் போனது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான். பிறகு மேடாக்க எங்கிருந்தோ ஏரி மண் வந்தது. பின்புறக் காலி மனையிலும் அந்த மண்ணைத்தான் கொட்டினார்கள் என்று காவலாளி சொல்கிறார். அப்படியானால் பையன்கள் எடுத்த உருண்டை இந்த இடத்ததே இல்லை. ஒரு ஜேசிபி செய்யும் சேதத்தில் பிள்ளைகளின் கருவி நூறில் ஒரு பங்கும் செய்யாது. கோட்டை மைதானமும் அகழிக் கரையும் அப்படியல்ல. அங்கே பல இடத்தில் மண் இன்னும் தன் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் அங்கே வேண்டாம் என்கிறேன்.

செயற்குழுவுக்கு என் யோசனைகள் மூன்று.

ஒன்று, புதையல் வேட்டை நடக்கட்டும், நம் புல்தரையிலேயே. புழக்கத்தில் உள்ள ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளை நாமே புதைப்போம். தரையைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரிப்போம். கருவி ஒலித்தால் கொடி நட வேண்டும், கட்ட எண், ஆழம், பக்கத்தில் இருந்தது எல்லாம் எழுத வேண்டும். அதிகக் காசு எடுத்தவருக்குப் பரிசு இல்லை, நன்றாகக் குறிப்பு எழுதியவருக்குப் பரிசு. காசுகளுக்கு 500 ரூபாய் என் செலவு.

இரண்டு, கோட்டைக்குப் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போவோம், கருவி இல்லாமல். கைலாசநாதர் கோயிலையும் மதிலையும் அகழியையும் பார்க்கட்டும். இன்னொரு நாள் வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் போய் வரலாம். வேனுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்வோம்.

மூன்று, காவலாளி அறையில் ஒரு நோட்டு வைப்போம். குழாய்க்குப் பள்ளம், செடிக்குக் குழி, எதற்காகத் தோண்டினாலும் பழையதாக ஏதாவது தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இருந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு சுவர்களிலிருந்து தூரம் அளந்து எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சங்கம் வழியாகத் தெரிவிப்போம்.

அந்த ஈய உருண்டை இப்போது என் அலமாரியில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: தேதி, பி பிளாக் பின்புறம், சரியான இடம் தெரியாது, ஆழம் தெரியாது, வேறு இடத்து மண்ணாக இருக்கலாம். நோட்டில் முதல் பதிவு அதுவாக இருக்கட்டும். இரண்டாவது பதிவில் 'தெரியாது' என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்வோம்.

 செயற்குழுவில் சந்திப்போம்.